மரக்கலத் தச்சர் ஜம்ஷெட்ஜி வாடியா

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அரணையும் வியவாதார் இலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்மேற் காதல் கொண்டு போரிட்டமை வரலாறு அறிந்ததே. ஆயின், இத்துறையின் பெயரைத் தாங்கிய மரக்கலம் ஒன்று இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதப்பதனை நம்மிற் பலர் அறியார். அதனை ஆக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். பம்பாயில் வாழ்ந்த பார்சித் தச்சராகிய ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்பார்.

வாடியா என்பது குஜராத்தி மொழியிற் கப்பல் கட்டுவோரைக் குறிக்கும். தொழிலின் பெயரே குடியின் பெயராயிற்று. இக்குடியின் முதல்வர் லவ்ஜி நுசர்வான்ஜி. சூரத்து நகரில் தச்சராயிருந்த அவரை 1736ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் பம்பாய்க்கு வருவித்தனர். அவருக்குப்பின் மைந்தர் மானெக்ஜியும் பொமன்ஜியும் அப்பணியை ஏற்றனர். பொமன்ஜியின் புதல்வரே ஜம்ஷெட்ஜி. குலவழக்கப்படி உளியும் வாய்ச்சியும் பிடித்துப் பயின்று, படிப்படியாக உயர்ந்து, தலைமைத் தச்சரானார்.

அக்காலத்தில் நெப்போலியனோடு பொருத இங்கிலாந்துக்கு ஓக் மரம் அரிதாயிற்று. பம்பாயிற் கப்பல் கட்டலாமென்ற எண்ணம் எழுந்தபோது, பெரும் போர்க்கப்பலை இந்தியத் தச்சர் தாமே கட்டவல்லரோ என்ற ஐயமும் உடன் எழுந்தது. 1810ஆம் ஆண்டு 74 பீரங்கிகள் தாங்கிய மிண்டன் என்னும் கப்பலை நீரில் இறக்கி அவ்வையத்தைப் போக்கினார் ஜம்ஷெட்ஜி. மலையாளத் தேக்கும் அவருக்குத் துணைநின்றது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ அதனைக் காக்கும்.

அடுத்து வந்தது திருகோணமலைக் கப்பல். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பல், 1812ஆம் ஆண்டு இறுதியில் பிரேசிற் கரைக்கப்பால் அமெரிக்கரிடம் தோற்று அழிந்தது. மீண்டும் வரைபடம் வரவேண்டியதாயிற்று. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறங்கியபோது போரே முடிந்திருந்தது. 1782ஆம் ஆண்டு நம் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நிகழ்த்திய போரின் நினைவாகவே அதற்கு இப்பெயர் இட்டனர்.

புகழ் வந்தபோதும் இழிவுரை ஓயவில்லை போலும். தம் நிறத்தைப் பழித்த சொற்களையே, அத்தகையோன் ஒருவன் கட்டிய கப்பல் இதுவெனத் தாம் ஆக்கிய போர்க்கப்பலொன்றின் அடிமரத்தில் மறைவாகச் செதுக்கிவைத்தார் என்றும், ஆண்டுகள் பல கழித்து அது பழுதுபார்க்க வந்தபோது பிறர்க்குக் காட்டினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. சொல்லால் விடைகூறாது தொழிலால் விடைகூறிய அப்பெரியார் 1821ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் குடிப்பெயரோ மறையவில்லை. லவ்ஜியின் வழிவந்த அர்தசீர் கர்சட்ஜி 1834ஆம் ஆண்டிலேயே பம்பாயிலுள்ள தம் இல்லத்தில் வாயு விளக்கேற்றிக் காட்டினார்; 1841ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் முதல் இந்திய உறுப்பினரானார். 1879ஆம் ஆண்டு நவ்ரோஜி வாடியா பம்பாயிற் சாயத்தொழில் நிறுவனம் கண்டார். கடலை விட்டுக் கலையை நாடிய ஜே. பி. எச். வாடியாவும் தம்பி ஹோமியும் 1930களிற் பேசும்படங்கள் எடுத்துப் பெயர்பெற்றனர்.

திருகோணமலைக் கப்பலுக்குப் பின்னர் வேறு பெயர் சூட்டினர். பழுது நீக்கியோர் 1992ஆம் ஆண்டு பழம்பெயரையே மீட்டளித்தனர். இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மூத்தது. நம் ஊரின் பெயர் அதன் உடலில் நிலைத்துவிட்டது. அவ்வுடலை ஆக்கிய தச்சரின் பெயர் நம் மாணவர் நெஞ்சிலும் நிலைத்தல் வேண்டும்.