நிரல் எழுதும் நிரலைத் தந்த கிரேஸ் ஹொப்பர்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அலாரம் எப்படி ஒலிக்கிறது என்றறிய வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றினாள். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைக் கழற்றினாள். தாய் கண்டபோது ஏழு கடிகாரங்கள் கழன்று கிடந்தன. இனி ஒன்றை மட்டும் வைத்து ஆராயுமாறு சொல்லி விட்டுவிட்டார் அந்தத் தாய்.

அச்சிறுமிதான் 1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்த கிரேஸ் ஹொப்பர். லத்தீன் பாடத்தில் புள்ளிகள் குறைந்ததால் வாசர் கல்லூரி முதலில் அவரைச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு சேர்ந்து 1928இல் பட்டம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதியானார். தாம் கற்ற வாசரிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். உடல் நிறை போதாதபோதும் விசேட அனுமதி பெற்று 1943இல் இணைந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 51 அடி நீளமான மார்க் 1 கணினி அவருக்காகக் காத்திருந்தது.

அக்காலத்தில் நிரல் எழுதுவோர், சரியாக இயங்கிய பகுதிகளைக் குறிப்பேடுகளில் வைத்திருந்தனர். தேவைப்படும்போது ஒருவருடையதை மற்றவர் பார்த்தெழுதினர். எவ்வளவு கற்றவராயினும் பார்த்தெழுதுகையில் எண்கள் மாறின; நினைவக முகவரிகளைக் கூட்டுவதில் பிழைத்தனர். ஓர் எண் பிழைத்தாலும் முழு வேலையும் வீண்.

1949இல் தனியார் கணினி நிறுவனமொன்றில் சேர்ந்த ஹொப்பர், சலிப்பூட்டும் அவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க எண்ணினார். சரிபார்த்த பகுதிகளை நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்களை வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். கணினியே பகுதிகளைத் தேடியெடுத்து, முகவரிகளைப் பொருத்தி, முழு நிரலையும் ஆக்கித் தந்தது. 1952இல் ஏ-0 என்ற அந்தத் தொகுப்பான் இயங்கியது.

ஆனால் பலர் நம்பவில்லை. கணினி கணக்குப் போடுமேயன்றி நிரல் எழுதாது என்றனர். அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களாலேயே கணினிக்குக் கட்டளையிடும் மொழியை உருவாக்கினார். 1959இல் தொடங்கிய கோபோல் மொழிக்கு அதுவே அடித்தளமானது.

79ஆவது வயதில், 1986இல், றியர் அட்மிரலாக ஓய்வுபெற்ற அவர் 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

இன்று மென்பொருள் தயாராகும்போது அதன் சில பகுதிகளை நிரல்களே எழுதிவிடுகின்றன. எதை எழுத வேண்டும் என்று தீர்மானிப்பவர் மட்டும் இன்றும் மனிதரே. மாணவியரே, அந்தச் சிந்தனைக்கு நேரம் கிடைக்கவே அவர் பார்த்தெழுதும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்.