கருவுக்குள் ஒரு கட்டளை

முத்துக்குளித்துறை என நெடுங்காலம் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கரையினர்க்கு, ஓருயிரின் திசுவை மற்றோருயிரில் ஒட்டும் கலை புதியதன்று. கடலில் மூழ்கி முத்தெடுக்கும் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. பின்னர் 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தினை உருவாக்கிக் காட்டினார். ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவில் சிறு துண்டை வெட்டி, ஓர் உருண்டை மணியோடு மற்றொரு சிப்பியின் உடலுள் வைப்பர். அத்துண்டே வளர்ந்து, மணியைச் சூழ்ந்து பையாகி, முத்தின் ஒளிப்படலத்தைச் சுரக்கும். இம்முறையை நினைவிற் கொள்வோர்க்கு, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மனியில் ஓர் இளம்பெண் செய்த சோதனையின் அருமை எளிதில் விளங்கும். அவர்தாம் ஹில்டே மாங்கோல்ட் அம்மையார்.

1898-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கோத்தா நகரில் பிறந்த அம்மையாரின் இயற்பெயர் ஹில்டே புரோஷோல்ட் என்பதாகும். பிராங்க்பர்ட் நகரில் பயின்றபோது, கருவியல் அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமானின் சொற்பொழிவைக் கேட்டார். அதுவே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. 1920-இல் பிரைபர்க் பல்கலைக்கழகம் சென்று ஸ்பீமானின் மாணவியானார். முதலில் தரப்பட்ட ஆய்வு, ஹைட்ரா என்னும் நீர்வாழ் சிற்றுயிரை உள்வெளியாகத் திருப்பும் பழைய சோதனையை மீண்டும் செய்வதாகும். அது கைகூடவில்லை. மனந்தளராத மாணவி வேறு ஆய்வு வேண்டினார். ஆசிரியர் தந்த அந்த மறுதலைப்பே அறிவியல் வரலாற்றில் நிலைபெற்றது.

உருவமற்ற ஒரு கருவில், எந்த உயிரணு நரம்பாகும், எது தோலாகும் என்பதை முடிவு செய்வது எது? இதுவே அன்றைய வினா. தவளைக்கு உறவான நியூட் என்னும் சிற்றுயிரின் கருக்களை அம்மையார் எடுத்துக்கொண்டார். வெளிறிய நிறமுடைய இனத்தின் கருவில், உட்குழிவு தொடங்கும் வாயின் மேலுதட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கருநிறமுடைய மற்றோரினக் கருவின் வேறொரு பக்கத்தில் ஒட்டினார். கடுகளவான கருவில், நுண்ணிய கண்ணாடி ஊசியும் மயிரிழைக் கண்ணியுமே கருவிகள். நியூட்டுகள் முட்டையிடும் வேனிற்கால வாரங்களே ஆய்வுக்குரிய காலம். நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள் இல்லாத அந்நாளில் பெரும்பாலான கருக்கள் மடிந்தன. 1921, 1922 ஆகிய ஈராண்டுகள் அவர் பொறுமை காத்தார்.

பிழைத்த சில கருக்களில் வியப்பு விளைந்தது. ஒட்டிய இடத்தில் இரண்டாவதாக ஒரு கருவுடல், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழலோடு எழுந்தது. அக்குழலின் நிறத்தை நோக்கியபோது, அதன் உயிரணுக்களிற் பெரும்பாலானவை ஒட்டப்பட்ட துணுக்கினுடையவை அல்ல. தோலாக வேண்டியிருந்த, இடங்கொடுத்த கருவின் உயிரணுக்களே! முத்துச்சிப்பியில் ஒட்டிய துண்டு தானே வளர்ந்து பணிபுரிகிறது. இங்கோ அது அண்டையிலுள்ள உயிரணுக்களுக்குக் கட்டளையிட்டது. அக்கட்டளைத் துணுக்குக்கு 'ஒருங்கமைப்பான்' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது.

இதற்கிடையே அவர் உடன் ஆய்வாளரான ஓட்டோ மாங்கோல்டை மணந்து, முனைவர் பட்டமும் பெற்று, ஓர் ஆண்மகவுக்குத் தாயுமானார். ஆய்வுக் கட்டுரை ஆசிரியரின் பெயரை முன்னிட்டு 1924-இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், சமையலறையில் நேர்ந்த தீ விபத்தில் அம்மையார் உயிர் நீத்தார். இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. 1935-இல் ஸ்பீமானுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றபோது, அதற்கு அடித்தளமான கைகள் மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன.

அக்கட்டளையின் மொழியைப் படிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. கருவின் புறப்படை உயிரணுக்கள் பி.எம்.பி. என்னும் புரதத்தின் செய்தியைப் பெற்றால் தோலாகின்றன. ஒருங்கமைப்பான் சுரக்கும் நாகின், கார்டின் போன்ற புரதங்கள் அச்செய்தியைத் தடுக்கும். தடுக்கப்பட்ட இடத்தில் நரம்புத்திசு தோன்றுகிறது. பாலூட்டிகளிலும் இத்தகைய பகுதி உண்டென்பதை, ரோசா பெட்டிங்டன் அம்மையார் 1994-இல் சுண்டெலிக் கருவில் ஒட்டுச்சோதனை செய்து காட்டினார். பின்னர் முதுகுநாண் விடுக்கும் வேறொரு புரதம், தன் செறிவுக்கேற்ப, தசைகளை இயக்கும் நரம்பணு எங்கே உருவாக வேண்டும் என்பதை வகுக்கிறது. மனிதக் கருவில் நரம்புக்குழல் நான்காம் வாரத்திற்குள், தாய் தான் கருவுற்றதைத் தெளிவாக அறியுமுன்பே, மூடிக்கொள்கிறது. மூடாதுபோயின் குழந்தை தண்டுவடக் குறையோடு பிறக்க நேரும். கருவுறுமுன்பே போலிக் அமிலம் உட்கொண்டால் இக்குறையைப் பெருமளவு தவிர்க்கலாம் என்பதை 1991-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

கருவறையின் இருளில் மனிதன் படிப்படியாக உருவாவதைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அச்சிந்தனையை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்தியவர் இருபத்து மூன்று வயது மாணவி ஒருவர். மணமும் மகப்பேறும் அவர் கல்வியைத் தடுக்கவில்லை; வாய்ப்பளிக்க ஓர் ஆசிரியர் இருந்தார். நம் கடற்கரை ஊர்களிலும் நுண்ணோக்கியின் முன் அமரத் தகுதியுடைய பெண்மக்கள் பலருளர். பட்டப்படிப்போடு அவர்தம் கல்வியை முடித்துவிடாது ஆய்வுக்கும் அனுப்பிவைக்கும் பொறுப்பு சமுதாயப் பெரியோர்களுடையது. அதற்கான நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!