சீட்டினால் தெரிவான அரசர்



பண்டைய இஸ்ரயேல் மக்கள் முக்கிய முடிவுகளை எடுக்கவேண்டிய வேளைகளில் ஆண்டவர் திருமுன் சீட்டுப் போட்டனர். கானான் நாட்டைக் குலங்களுக்குப் பங்கிட்டதும் இவ்வாறே. தலைமைக் குருவின் மார்புப் பையில் இருந்த ஊரிம், தும்மிம் என்பவற்றின் வழியாகவும் இறைத் திருவுளம் நாடப்பட்டது. சீட்டு எவ்வாறு விழுந்தாலும் தீர்ப்பு ஆண்டவருடையதே என்பது அவர்களது நம்பிக்கை. இவ்வழக்கத்தோடு பிணைந்த வாழ்வு, கி.மு. 11ஆம் நூற்றாண்டில் அரசாண்ட சவுலுடையது.

பென்யமின் குலத்துக் கீசின் மகனான சவுல், காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்ற வழியில் இறைவாக்கினர் சாமுவேலைச் சந்தித்தார். சாமுவேல் அவரைத் தனிமையில் அருள்பொழிவு செய்தார். பின்னர் மிஸ்பாவில் மக்கள் அனைவர் முன்னும் சீட்டுப் போடப்பட்டபோது, குலங்களுள் பென்யமினும், குடும்பங்களுள் மத்ரியும், ஆள்களுள் சவுலும் தெரிவாயினர். அவரோ கூச்சத்தினால் பொருள்களின் நடுவே ஒளிந்திருந்தார். எத்துணை எளிய தொடக்கம்!

ஆனால், அரியணை அவரை மாற்றியது. பெலிஸ்தியரோடு நடந்த போரொன்றில், குரு ஆண்டவரிடம் கேட்டறிய முற்பட்டவேளை, பகைவரின் பாளையத்தில் அமளி பெருகுவதைக் கண்ட சவுல் இடையிலேயே அதை நிறுத்தச் சொன்னார். கடவுளின் விடைக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. அதே நாளில், மாலைவரை உண்பவர் சபிக்கப்பட்டவர் என ஆணையிட்டார். அதை அறியாது தேன் உண்ட தம் மகன் யோனத்தான் மீதே சீட்டு விழுந்தபோது, அவரைக் கொல்லவும் துணிந்தார். மக்களே யோனத்தானைக் காப்பாற்றினர்.

அமலேக்கியருக்கு எதிரான போரிலும் அவர் ஆண்டவரின் கட்டளையை மீறினார். பின்பு தாவீதின் மீதுகொண்ட பொறாமையால், தாவீதுக்கு உதவிய நோபு நகர்க் குருக்கள் 85 பேரைக் கொல்வித்தார். தப்பிய அபியத்தார் ஏபோதுடன் தாவீதிடம் போய்ச் சேர்ந்தார். இறைத் திருவுளத்தை நாடித் தரும் குருக்களையே அரசர் தம் கையால் அழித்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இறுதியில் கில்போவா மலையருகே பெலிஸ்தியரின் படையைக் கண்டு அஞ்சி அவர் ஆண்டவரை நாடினார். கனவாலும் ஊரிமாலும் இறைவாக்கினராலும் விடை வரவில்லை. தாமே நாட்டைவிட்டு அகற்றிய குறிசொல்வோருள் ஒருத்தியை, மாறுவேடம் பூண்டு, இரவில் ஏன்தோரில் தேடிச் சென்றார். மறுநாள் போரில் மூன்று புதல்வரையும் இழந்து, தம் வாள்மீதே வீழ்ந்து மாண்டார்.

அன்பர்களே, திருத்தூதர் மத்தியாவைத் தெரிவு செய்யவும் சீட்டுப் போடப்பட்டது. தூய ஆவியார் இறங்கிவந்தபின், திருச்சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் காண்பதில்லை. நோன்பும் மன்றாட்டும் கூட்டு ஆய்வுமே அதன் வழியாயின. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் சோதிடத்தையும் குறிகேட்பதையும் விலக்குகின்றது.

பிள்ளைகளின் திருமணம், வெளிநாட்டுப் பயணம், புதுவீடு என முடிவெடுக்கும் வேளைகளில் நாமும் கடவுளிடம் விடை கேட்கிறோம். ஏற்கெனவே மறைநூல் வழியாகவும் மனச்சான்று வழியாகவும் அவர் தந்த விடைகளை என்ன செய்தோம்? சவுலுக்கு இறுதியில் குறைவுபட்டது சீட்டன்று, செவிசாய்க்கும் உள்ளமே. இன்றிரவு குடும்பமாக முழந்தாளிடும்போது, அந்த உள்ளத்தையே முதலில் மன்றாடிப் பெறுவோமாக.