நட்பும் உண்மையும்

ஆம்பூர், வேலூர் பகுதியில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் பெற்றோரிடம், நண்பனுக்காகப் பொய் சொல்லும் பிள்ளைகள் உண்டு. ராஜ்கோட்டில் மாணவனாயிருந்த காந்தியடிகளும் அப்படித்தான்.

நண்பன் தூண்ட, சுமார் ஓராண்டு மறைவாக இறைச்சி உண்டார். வீட்டில் பசியில்லை என்று தாயிடம் பொய் சொன்னார். உணவைவிடப் பொய்யே அவர் மனத்தை உறுத்தியது. இனி உண்ணமாட்டேன் என்று நண்பனிடமே சொல்லிவிட்டார்.

15 வயதில், அண்ணனின் 25 ரூபாய் கடனை அடைக்க அவரது காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். பின்னர் தவற்றைக் காகிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை அடிக்கவில்லை; அழுதார். காகிதத்தைக் கிழித்துப்போட்டார். மகன் மறுபடி திருடவில்லை.

அன்பார்ந்தவர்களே, பிறருக்காகச் செய்த தவற்றையும் தன் தவறாக ஏற்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவர்கள் உண்மை சொல்லும் நாளில் கை ஓங்காதிருப்போம்.