மதுச்சாலையை வரைந்த ஜான் ஸ்லோன்

ஷிப்ட் முடிந்து ஆலைவாயிலில் இருந்து வெளிப்படும் தொழிலாளியை நம் வட்டத்துக் கவிஞர்கள் பலர் பாடியிருக்கிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழ்கிறவர்கள் அவனைப் பாடாமல் இருக்க இயலாது. ஆனால் ஆலைவாயிலுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே அவன் நுழைகிற ஒரு கடை உண்டே, அதை எழுத நேரும்போது மட்டும் நம் பேனா தடுமாறுகிறது. கண்டித்து எழுதுகிறோம், அல்லது போதையைக் கொண்டாடி எழுதுகிறோம். இரண்டு வகையிலும் கடைக்குள் நிற்கிற மனிதன் காணாமற்போய்விடுகிறான். இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுபவர் ஜான் ஸ்லோன் என்னும் அமெரிக்க ஓவியர். ஒரு மதுச்சாலையை உள்ளிருந்து பார்த்து வரைந்தவர் அவர். அவர் வீட்டிலேயே மது ஒரு தீராத துயராக இருந்தது என்பதையும் சேர்த்தே அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்லோன் 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் என்னும் சிற்றூரில் பிறந்தார், வளர்ந்தது பிலடெல்பியாவில். தந்தையின் தொழில் நொடித்து, அவர் உடலும் உள்ளமும் தளர்ந்தபோது, குடும்பச் சுமை பதினாறு வயதுச் சிறுவனின் தோளில் விழுந்தது. பள்ளியை விட்டுப் புத்தகக் கடையொன்றில் காசாளராகச் சேர்ந்தார். அந்தக் கடை அவருக்கு ஒரு பல்கலைக்கழகம் ஆயிற்று. செம்புத் தகட்டில் அமிலம் கொண்டு கோடு செதுக்கும் கலையை ஆசிரியர் எவருமின்றி ஒரு கைந்நூலைப் பார்த்தே கற்றார். ரெம்பிராண்டின் அச்சோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார்.

1892-இல் நாளேடு ஒன்றின் ஓவியப் பிரிவில் வேலை கிடைத்தது. செய்தித்தாள்களில் புகைப்படம் பரவாத காலம் அது. தீ விபத்து என்றால் ஓவியன் ஓடிச்சென்று கண்டுவந்து வரைய வேண்டும். ஸ்லோனின் நண்பர்களான கிளாக்கென்ஸ், லக்ஸ், ஷின் ஆகியோர் அவ்வாறு ஓடியவர்கள். ஸ்லோன் பெரும்பாலும் மேசையில் அமர்ந்து அலங்காரப் படங்களும் ஞாயிறு இதழுக்கான புதிர்ப் படங்களும் வரைந்தவர். அந்தப் புதிர்ப் படங்கள்தாம் 1910 வரை அவர் அடுப்பை எரியவைத்தன என்பது வேடிக்கையான உண்மை. இந்த நண்பர்களை ஒன்றுசேர்த்தவர் ராபர்ட் ஹென்றி என்னும் ஓவியர். அவருடைய அறையில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடினார்கள். படித்தார்கள், வாதிட்டார்கள், நாடகம் போட்டுச் சிரித்தார்கள். அழகிய ஆற்றங்கரைகளையும் சீமாட்டிகளையும் விட்டுவிட்டுத் தெருவை வரையுங்கள் என்பதே ஹென்றி அவர்களுக்குத் தந்த உபதேசம். ஓர் இலக்கிய வட்டம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகளைச் சான்றாகச் சொல்லலாம்.

1898-இல் ஸ்லோன் டாலி என்று அழைக்கப்பட்ட அன்னா மரியா வால் என்னும் பெண்ணைச் சந்தித்தார். பகலில் கடையொன்றில் வேலை செய்த அவர், இரவில் பரத்தையர் விடுதியில் பிழைத்தவர். குடிப்பழக்கம் அவரைப் பற்றியிருந்தது. ஸ்லோன் அவரை 1901-இல் மணந்துகொண்டார். சீர்திருத்தம் செய்கிறோம் என்ற பெருமிதம் அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது காதல். ஆனால் காதல் ஒரு நோயைத் தீர்த்துவிடவில்லை. டாலி அடிக்கடி நிலைகுலைந்தார். தாம் கைவிடப்படுவோம் என்ற அச்சம் அவரை வாட்டியது. 1906-இல் அவருக்கு மருத்துவம் பார்த்தவர் கணவருக்கு ஒரு விசித்திரமான மருந்தைப் பரிந்துரைத்தார். மனைவிமீது தமக்குள்ள அன்பை ஸ்லோன் ஒரு நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். டாலி அதை ஒளிந்து படித்துத் தெம்பு பெறட்டும் என்பது ஏற்பாடு. ஸ்லோன் 1913 வரை எழுதினார். அமெரிக்க ஓவிய வரலாற்றின் அரிய ஆவணமாக இன்று போற்றப்படும் அந்நாட்குறிப்பு, ஒரு பெண்ணைக் குடியிலிருந்து காப்பதற்காகத் தொடங்கப்பட்டது.

இருவரும் 1904-இல் நியூயார்க்கில் குடியேறினர். 23-ஆம் தெருவில் மாடியின் உச்சியில் வீடு. சன்னலோரம் நின்று எதிர்க்கூரைகளையும் பின்புறத்துச் சன்னல்களையும் மணிக்கணக்கில் பார்ப்பது ஸ்லோனின் வழக்கம் ஆயிற்று. நகர வாழ்க்கை பற்றிய அச்சோவியத் தொடர் ஒன்றை வரைந்து 1906-இல் ஒரு காட்சிக்கு அனுப்பினார். பத்தில் நான்கு படங்கள் கொச்சையானவை என்று திருப்பப்பட்டன. 1908-இல் ஹென்றியும் ஸ்லோனும் உள்ளிட்ட எட்டுப் பேர் மேக்பெத் காட்சிக்கூடத்தில் தம் ஓவியங்களைத் தாமே காட்டினார்கள். கூட்டம் திரண்டது. ஸ்லோனின் ஓவியங்களில் ஒன்றும் விலைபோகவில்லை.

அந்த மதுச்சாலைக்கு வருவோம். கிழக்கு 7-ஆம் தெருவில் அயர்லாந்திலிருந்து வந்த ஜான் மக்சார்லி என்பவர் நடத்திய கடை அது. 1854-இல் தொடங்கியது என்பது கடையின் கணக்கு. கடுஞ்சாராயம் விற்பதில்லை, ஏல் என்னும் பார்லி பீர் மட்டும். தரையில் மரத்தூள், தட்டில் பாலாடைக் கட்டியும் பச்சை வெங்காயமும். 1912-இல் ஸ்லோன் அதை வரைந்தார். பழுப்பும் கருமையும் தோய்ந்த ஓர் அறை. சுவரெங்கும் சட்டமிட்ட பழைய படங்கள். வெள்ளைச் சட்டையில் கடைக்காரர், அவர்மீது வெளிச்சம். தொப்பியணிந்த ஆண்கள் சிலர் மேடையோரம் நிற்கிறார்கள். அவ்வளவுதான். தள்ளாடுகிறவன் இல்லை, சண்டையில்லை, வாயிலில் காத்து நிற்கும் குழந்தையும் இல்லை. வேலை முடித்தவர்கள் சற்று நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் நிற்கிறார்கள். அந்த நிம்மதியே ஓவியத்தின் பொருள். அதே ஆண்டில் பின்கட்டையும் வரைந்தார். அதில் ஒரு முதியவர் சன்னலோரம் தனித்து அமர்ந்திருக்கிறார். பின்னாளில் இன்னும் மூன்று முறை அதே கடைக்குத் திரும்பினார்.

இதை நேர்மை என்பதா, தப்பித்தல் என்பதா? நான் பலமுறை தடுமாறியதுண்டு. தன் வீட்டில் மது செய்யும் அழிவைக் கண்டவர், கடையில் அமைதியை மட்டும் கண்டது எப்படி? அதுவும் மக்சார்லியில் பெண்களுக்கு இடமில்லை. டாலி ஒருநாளும் அந்தக் கதவைக் கடந்து வாடிக்கையாளராக நின்றிருக்க முடியாது. கணவர் தனியே சென்று கண்ட அமைதி அது. ஆனாலும் ஸ்லோன் பொய் வரையவில்லை என்றே இப்போது கருதுகிறேன். தாம் கண்ட அறையை வரைந்தார். வீட்டில் பட்ட வேதனைக்கு அந்த அறையில் நின்றவர்களை அவர் பழிவாங்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இது கைகூடும்?

அவர் அரசியலற்றவரும் அல்லர். 1910-இல் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். தேர்தலில் நின்று தோற்றார். 1913-இல் பேட்டர்சன் பட்டாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது நியூயார்க்கில் நடத்திய மாபெரும் காட்சிக்குப் பின்திரை வரைந்தார். ‘தி மாஸஸ்’ என்னும் இடதுசாரி இதழின் ஓவியப் பொறுப்பை ஏற்றார். லட்லோ சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்டபோது, இறந்த குழந்தையைக் கையில் ஏந்தியபடி துப்பாக்கி தூக்கும் சுரங்கத் தொழிலாளியை 1914 ஜூன் இதழின் அட்டையில் வரைந்தார். ஆனால் வண்ண ஓவியத்தில் பிரசாரத்தைப் புகுத்த மறுத்தார். ஓவியர்களின் படங்களுக்கு ஆசிரியர்கள் தாமே அரசியல் வாசகம் எழுதிச் சேர்த்தபோது சண்டை மூண்டது; 1916-இல் விலகினார். எதிரணியில் நின்ற ஆர்ட் யங், இவர்களுக்குக் குப்பைத் தொட்டியை வரைவதில்தான் ஆசை என்று குறைகூறினார். அந்த ஏளனமே பிற்காலத்தில் குப்பைத் தொட்டிக் குழு என்று இவர்களுக்கு நிலைத்த பெயராகிவிட்டது. கலை யாருக்காக என்று நாம் இன்றும் நடத்தும் வழக்கின் பழைய விசாரணை இது.

1913-இல் ஐரோப்பியப் புதுமைகளை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்த பெருங்காட்சியில் மக்சார்லி ஓவியமும் தொங்கியது. கூட்டத்தின் கண் தூஷான் மீதும் மத்தீஸ் மீதும் இருந்தது. அவ்வாண்டுதான், நாற்பதைக் கடந்த வயதில், ஸ்லோனின் ஓவியம் ஒன்று முதன்முறையாக விற்றது, அது வேறொன்று. மக்சார்லி ஓவியத்தை டெட்ராய்ட் கலைக்கூடம் 1924-இல் வாங்கியது. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. ஓவியத்தில் இருந்த ஏல் சட்ட விரோதம் ஆகியிருந்தது; கடையோ பெயருக்கு வலுக்குறைந்த பீரை விற்றபடி திறந்தே இருந்தது. 1937-இல் சேலத்தில் தொடங்கி, மாகாணமெங்கும் பரவி, 1971-இல் தளர்ந்த நம் மதுவிலக்கின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த முரண் புதிதன்று.

1916 முதல் நியூயார்க் கலை மாணவர் கழகத்தில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். கால்டர் அவர் மாணவர்களில் ஒருவர். நடுவர் இல்லை, பரிசு இல்லை என்னும் கொள்கையுடைய சுயேச்சை ஓவியர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராகவும் இருந்தார். டாலி 1943-இல் மறைந்தார். மறு ஆண்டு, தம் மாணவியாக இருந்த ஹெலன் ஃபாரை மணந்தார். 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் ஸ்லோனும் மறைந்தார்.

மக்சார்லியின் கதவு, வழக்குக்கும் புதிய நகரச் சட்டத்துக்கும் பிறகு, 1970 ஆகஸ்டில்தான் பெண்களுக்குத் திறந்தது. டாலி இறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.