துப்பாக்கியும் பொறுப்பும்
கார்பெட் துரையின் ஜீவிய சரித்திரம் போதிப்பது யாது?

ஜனங்களின் கையிலுள்ள ஆயுதங்களைச் சட்டத்தினால் பறித்துக்கொண்டு, பின்னர் அவர்களைக் கோழைகளென்று பழிப்பது அன்னிய ராஜாங்கங்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் அநீதிக்கு, ஆளும் ஜாதியிலே பிறந்த ஒரு வேட்டைக்காரரின் சரித்திரமே சாக்ஷியாக நிற்கின்றது. அவர்தாம் ஜிம் கார்பெட் துரை. புலிக் கதை கூறிப் பொழுது போக்குவது நமது நோக்கமன்று. ஆயுதம் ஏந்தும் உரிமையும் ஆயுதம் ஏந்தியவனுடைய கடமையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் விளையும் கேடு இன்னதென்பதை அவரது வாழ்க்கையைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இமயமலைச் சாரலிலுள்ள நைனிடாலில், 1875-ஆம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தபாலாபீஸின் தலைவர்; அயர்லாந்து வமிசத்தார். தந்தையை இளமையிலேயே இழந்த சிறுவருக்குக் காலாதுங்கிக் காடே பள்ளிக்கூடமாயிற்று. அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆயுதம் வாய்ப்புறத்தில் மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. எவரோ அளவுக்கு மீறி மருந்திட்டதால் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. அதே வெடியில் மரக்கட்டையும் முறிந்துபோக, குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எஞ்சிய ஒற்றைக் குழலைக்கொண்டே அவர் வேட்டை பயின்றார். மருந்தும் குண்டும் அருமையாயிருந்தமையால், வீணாகச் சுடலாகாது என்னும் பாடம் அன்றே அவர் உள்ளத்தில் பதிந்தது.

துப்பாக்கியின் மரக்கட்டையை அழகுக்காக வைத்த அலங்காரமென்று எண்ணுவோர் உளர். அஃது தவறு. குறி பிசகாதிருப்பதில் அக்கட்டைக்கும் பெரும் பங்குண்டு. உயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளுக்கு அக்ரூட் மரத்தினால் கட்டை கடைவார்கள். மரமோ ஈரத்தை உண்ணும் இயல்புடையது. மழையில் ஊறினால் பருக்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சில சமயம் முறுக்கிக்கொள்ளும். அப்பொழுது கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்த, நேற்று நெற்றிக்கு நேராகச் சென்ற குண்டு இன்று விலகிச் செல்லும். ஆதலின் தேர்ந்த வேட்டைக்காரர் கட்டையில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து ஊறவிடுவர். நனைந்த துப்பாக்கியை உறையிலிட்டு மூடி வையார், துடைத்துக் காற்றாடவிடுவர். இரும்பிற்கிடும் எண்ணெய் மிகுதியாக வழிந்து கட்டைக்குள் இறங்கினால் மரம் சொதசொதத்துப் பிடிப்பை இழக்கும். அதனைத் தடுக்க வாய் கீழாகச் சாய்த்து வைப்பதும் உண்டு.

அக்காலத்துத் தோட்டாக்கள் எரிந்தபின் குழலினுள் உப்பைப் படியவிடும். கடலுப்புக் காற்று ஓயாது வீசும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்வாசிகளுக்கு உப்பும் ஈரமும் கூடினால் இரும்பின் கதி என்னவாகுமென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொதிநீர் ஊற்றி உப்பைக் கரைத்து, உலர்த்தி, பிறகு எண்ணெயிடவேண்டும். மறுநாள் சுடுமுன் அவ்வெண்ணெயையும் துடைத்தெடுக்கவேண்டும். இல்லையேல் முதற்குண்டு குறி தவறும். கொடிய மிருகத்தின் எதிரே முதற்குண்டு தவறினால், இரண்டாவதற்கு அவகாசம் இராது.

இத்தனை பேணுதலும் யாருக்குச் சாத்தியம்? துப்பாக்கியை வெளிப்படையாக வைத்துக்கொள்ளக் கூடியவனுக்கே சாத்தியம். லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878-ஆம் வருஷத்தில் பிறந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பியருக்கோ அந்நிபந்தனையிலிருந்து விலக்களித்தது. 1887-ஆம் வருஷம் நமது சென்னையிலே கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை, அச்சட்டத்தின் கொடுமையைத் திருத்தவேண்டுமென்று தீர்மானம் செய்தது. பிபின் சந்திர பாலர் அதனை அடியோடு ஒழிக்கவேண்டுமென்று அச்சபையில் முழங்கினார். சர்க்கார் செவி சாய்க்கவில்லை.

இருபது வருஷங்கள் கழித்து அதன் பலன் சம்பாவத்திலே வெளிப்பட்டது. நேபாளத்தில் 200 பேரையும், பிறகு குமாவுன் மலைநாட்டில் 234 பேரையும் கொன்று தின்ற பெண்புலியொன்று அவ்வூர்ப் பக்கத்தில் உலவியது. வாயிற்கதவைத் திறக்க அஞ்சி ஜனங்கள் வீட்டினுள் அடைபட்டுக் கிடந்தார்கள். 1907-ஆம் வருஷம் கார்பெட்டை அழைத்தார்கள். புலியின் தலைக்கு வைத்த பரிசை ரத்து செய்து, மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பியழைத்தாலன்றி வாரேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். பணத்திற்காகச் சுடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

புலி ஓர் இளம்பெண்ணைக் கொன்று பள்ளத்தாக்கில் பதுங்கிற்று. அதனைக் கலைத்து வெளியேற்ற ஆட்கள் தேவைப்பட்டபொழுது, அவ்வூர்த் தாசில்தார் ஒரு காரியம் செய்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைத் தாம் கண்டும் காணாதிருப்பதாகவும், வேண்டுவோர்க்கு மருந்தும் குண்டும் அளிப்பதாகவும் ஊரெங்கும் அறிவித்தார். மறுநாள் 298 பேர் திரண்டார்கள்! அவர்கள் கொணர்ந்த ஆயுதங்களைக்கொண்டு ஒரு பொருட்காட்சிச்சாலையையே நிரப்பியிருக்கலாமாம். இதை நமது தேசபக்தர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சட்டத்தின் அச்சம் ஒரே ஒரு நாள் நீங்கியவுடன், கோழைகளென்று எண்ணப்பட்டவர்கள் நரபக்ஷணியின் எதிரே மலைமுகட்டில் அணிவகுத்து நின்றார்கள். அவர்களிடம் இல்லாதது தைரியமன்று. பகிரங்கமாக ஆயுதம் வைத்துப் பழகும் உரிமையே.

அன்று கார்பெட்டிடம் மூன்றே தோட்டாக்கள் இருந்தன. மூன்றும் தீர்ந்தன, இரண்டு குண்டுகள் தைத்தும் புலி விழவில்லை. அவர் ஓடித் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதை உயர்த்தியபொழுதுதான், குழலுக்கும் அதன் அடிப்பூட்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருக்கக் கண்டார். சுட்டால் நெருப்பு பின்னடித்துக் கண்ணைப் பறித்துவிடக்கூடும். ஆயினும் சுட்டார். புலியின் திறந்த வாய்க்கு வைத்த குறி பிசகி, குண்டு முன்காலில் தைத்தது. முன்னமே பட்ட காயங்களால் இறந்துகொண்டிருந்த புலி, நல்லவேளையாக அங்கேயே சாய்ந்தது. தாசில்தாரின் துப்பாக்கியே அக்கதியில் இருந்ததெனில், மறைவிடங்களில் துருவேறிக் கிடந்த ஏழைகளின் துப்பாக்கிகளைப்பற்றிக் கூறவேண்டுமா?

இனி அப்புலியின் வாயைத் திறந்து பார்த்தபொழுது வெளிப்பட்ட உண்மையைக் கூறுவோம். வலப்பக்கத்துக் கோரைப்பற்களில் மேற்பல் பாதியும் கீழ்ப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. என்றோ பட்ட துப்பாக்கிக் குண்டின் காயம் அது. மானையும் பன்றியையும் பிடிக்க இயலாமற்போன அம்மிருகம் மனிதரை நாடிற்று. 436 உயிர்களின் பலிக்கு மூலகாரணம், பெயரறியாத ஒருவன் குறி தவறிச் சுட்ட ஒரு குண்டு! காயமுற்ற மிருகத்தைத் தேடிச்சென்று அதன் வேதனையை முடிப்பது வேட்டை தர்மம். அதைக் கைவிட்டவனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. புல்லறுக்கவும் சுள்ளி பொறுக்கவும் சென்ற ஏழைப் பெண்கள் உயிரிழந்தார்கள்.

சம்பாவத் வெற்றிக்காக, ஐக்கிய மாகாண லெப்டினண்ட் கவர்னர் ஹியூவெட் துரை கார்பெட்டுக்கு ரிக்பி கம்பெனியாரின் ரைபிள் ஒன்றை வழங்கினார். அதன் மரக்கட்டையிலே வெள்ளித் தகட்டில் அவ்விவரம் பொறிக்கப்பட்டது. குழல்வாய் அங்குலத்தில் கால் பாகத்திற்குச் சற்றே மேற்பட்டது, மிகவும் இலேசானது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி, சௌகட் என்னுமிடத்தில், இடக்கையில் பறவை முட்டைகள் இரண்டை ஏந்தியபடி பாறையொன்றைச் சுற்றித் திரும்பிய கார்பெட், சில அடி தூரத்தில் ஆட்கொல்லிப் பெண்புலி தம்மையே நோக்கியிருக்கக் கண்டார். அந்த இலேசான ரைபிளை வலக்கையொன்றினாலேயே மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டு அதனை வீழ்த்தினார். கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியாயிருந்தால் அது நடவாது. அவர் மறைந்தபின் அவ்வாயுதம் அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு அச்சகத்தாரிடம் சென்றது. 2015-ல் ரிக்பி கம்பெனியாரே அதனைத் திரும்ப வாங்கினர்.

கார்பெட் குறையற்றவரென்று நாம் கூறவில்லை. ஏழை மலைவாசிகளை நேசித்தவர். ஆயினும் அவர்களைத் தாழ்த்திய ஆட்சியை எதிர்த்தவரல்லர். 1921-ஆம் வருஷம் மகர சங்கராந்தியன்று, பத்ரிதத்த பாண்டேயின் தலைமையில், அதே குமாவுன் ஜனங்கள் கட்டாய ஊழியப் பதிவேடுகளை பாகேசுவரத்தில் சரயு நதியிலே எறிந்தார்கள். துப்பாக்கி இன்றியே அவர்கள் சாதித்த வெற்றி அது. அம்மலைநாட்டாரின் வீரத்திற்கு இதனினும் வேறு அத்தாக்ஷி வேண்டுவதில்லை. எனினும் தமது துப்பாக்கியைத் தாழ்த்தவேண்டிய காலத்தை அறிந்த பெருமை கார்பெட்டுக்கு உண்டு. பிற்காலத்தில் அவர் காமிராவைக் கையிலேந்திக் காட்டைக் காக்க முயன்றார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணைநின்றார். 1957-ல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1947-ல் இந்தியாவைவிட்டு நீங்கி, 1955-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதி கென்யா தேசத்து நையேரியில் காலமானார்.

லிட்டன் சட்டத்திற்குப் பதிலாகச் சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றிற்று. 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் புலிவேட்டையை ஒழித்தது. அவ்விரண்டும் நன்றே. ஆனால் சம்பாவத் கற்பித்த பாடம் வேட்டையோடு ஒழியவில்லை. அதிகாரம் எதுவாயினும் அதுவும் ஓர் ஆயுதமே. ஜனங்களுக்கு அதனை மறுத்தால் அவர்கள் திக்கற்றுப்போவார்கள். பெற்றவர் அதனைப் பேணாது பொறுப்பின்றிப் பிரயோகித்தால், காயம் எங்கோ புரையோடிப் பின்னர் ஏழையின் வாயிற்படியிலே பழி தீர்க்கும். உரிமையைக் கேட்டுப் பெறும் நமது தொண்டர்கள், அதனோடு வரும் கடமையையும் கேட்டுப் பெறுவார்களாக.