பல்லழுக்கை ஆராய்ந்த துணி வணிகர்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். துணி வணிகர், இலத்தீன் அறியாதவர். தாமே தேய்த்த சிறு கண்ணாடி வில்லைகளே அவருடைய கருவி.

நாள்தோறும் உப்பால் பல் துலக்கியவர்தாம்! ஆயினும் 1683-இல் தம் பல்லிடுக்கு அழுக்கை மழைநீரில் கலந்து நோக்கியபோது சிற்றுயிர்கள் துள்ளி ஓடின. அளவுகோல் ஏது? மணல் துகளோடு ஒப்பிட்டே பருமனை மதித்தார். எண்ணிக்கையும் மதிப்பீடே. பல்லே துலக்காத முதியவர் உட்படப் பிறரின் அழுக்கையும் சோதித்து, இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார்.

பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், முன்பற்களின் அழுக்கில் அசைவே இல்லை! முன்பு கண்டது பொய்யோ? தாம் பருகும் சூடான காப்பி அவற்றைக் கொன்றிருக்கும் எனக் கருதினார். அதோடு விட்டுவிடவில்லை, கடைவாய்ப் பல்லிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே உயிரோடு இருந்தன. எங்களுக்கு அவர்மேல் மதிப்பு மிகுந்தது இவ்விடத்தில்தான். 1723-இல், தொண்ணூறு வயதில் மறைந்தார்.